குழந்தைக்கும் படுக்கைப் புண் வரும்: வருமுன் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

மூளைக்காய்ச்சலோடு வந்து 9 நாள் வென்டிலேட்டரில் கிடந்த 4 வயதுப் பெண் குழந்தை. ட்யூபை எடுத்து வார்டுக்கு மாற்றிய மறுநாள் காலை, அவளுடைய அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் தலை வாரிவிட உட்கார்ந்தார். பின்மண்டையில் சீப்பு தடுக்கியது. “சிஸ்டர், பாப்பா தலையில என்னமோ காய்ஞ்சு ஒட்டியிருக்கு, கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டார். சிக்குப் பிடித்திருந்த முடியை ஈரத் துணியால் நனைத்து, விரலால் பிரித்துப் பார்த்தேன். பழைய ஐம்பது பைசா அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் முடி கொட்டிய வெறும் தோல்.

கேஸ் ஷீட்டைப் புரட்டினால் 9 நாளும் மூன்று ஷிஃப்டிலும் “தோல் நன்றாக உள்ளது” என்றே எழுதியிருந்தது. அதில் இரண்டு கையெழுத்து என்னுடையது. முதுகைப் பார்த்திருந்தோம், புட்டத்தைப் பார்த்திருந்தோம். தலையைத் தூக்கி, முடியை விலக்கி யாரும் பார்க்கவில்லை. அந்தப் பொருக்கு விழுந்து ஆறுவதற்கு மாதக்கணக்கானது. தழும்பு விழுந்த இடத்தில் முடி முளைக்கவில்லை.

படுக்கைப் புண் என்றால் கிடையாய்க் கிடக்கும் தாத்தா பாட்டிக்கு வருவது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். குழந்தைகளுக்கும் வரும். மார்த்தா கர்லி என்ற நர்சிங் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் குழந்தைகள் ஐசியூக்களில் 322 குழந்தைகளைக் கவனித்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 86 பேருக்கு, அதாவது 27 சதவீதம் பேருக்கு, இந்தக் காயம் வந்திருந்தது. பெரும்பாலானவை தோல் பிளக்காத முதல் நிலைக் காயங்கள். பாதிக்கு மேல் முதல் தடவை பார்க்கும்போதே இருந்தன. அதாவது படுத்த ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடுகிறது. இன்னொன்று, தேடிப் பார்த்தால் திருப்பிவிடக்கூடிய நிலையிலேயே அகப்படுகிறது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கும், குழந்தைகள் வார்டில் புதிதாக டூட்டிக்கு வந்திருக்கும் நர்ஸ்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இருவரும் ஒரே பிள்ளையைத்தான் பார்க்கிறோம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

உடம்பின் எடை ஓர் எலும்பு முனையில் இறங்குகிறது. கீழே மெத்தை, மேலே எலும்பு, இரண்டுக்கும் நடுவில் தோலும் தசையும். அங்கே ஓடும் முடி போன்ற ரத்தக்குழாய்கள் நசுங்கி அடைபடுகின்றன. ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்ஸிஜனும் போகாது. நமக்கு அந்த இடம் மரத்துப்போகும், உடனே புரண்டு படுப்போம். தூக்கத்தில்கூடப் புரள்கிறோம். புரள முடியாத பிள்ளைக்கு அந்த இடம் மெல்லச் சாகத் தொடங்குகிறது.

நுண்ணிய ரத்தக்குழாய்க்குள் அழுத்தம் எவ்வளவு என்று 1930-ல் லாண்டிஸ் என்பவர் ஆரோக்கியமானவர்களின் நகக்கண்ணில் அளந்தார். தமனிப் பக்க முனையில் சராசரியாக 32 மி.மீ. பாதரசம் இருந்தது. அந்த எண்ணையே வெகுகாலமாக எல்லைக்கோடாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துகிற எல்லைக்கோடு என்று ஒன்று கிடையாது. ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கும் குழந்தைக்கு அதைவிடக் குறைந்த அழுத்தமே போதும்.

அழுத்தத்தோடு இன்னொன்றும் சேரும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருக்கிறோம், பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சறுக்குகிறது. தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு மட்டும் இறங்கும். நடுவில் இருக்கும் ரத்தக்குழாய் இழுபட்டு, தோட்டத்து ரப்பர் குழாய் மடங்கினால் தண்ணீர் நிற்பதுபோல நின்றுவிடும். வெளியே பார்த்தால் தோல் முழுசாகத்தான் இருக்கும். உள்ளே ஊதா நிறத்தில் கன்றி, இரண்டு நாள் கழித்துத்தான் உடையும். இதனால்தான் அமெரிக்காவில் இதற்கான தேசிய ஆலோசனைக் குழு 2016-ல் ‘அழுத்தப் புண்’ என்ற பெயரை ‘அழுத்தக் காயம்’ என்று மாற்றியது. புண்ணாக உடைவதற்கு முன்பே காயம் பட்டுவிடுகிறது.

குழந்தையின் உடம்பில் இடம் வேறு

பெரியவர்களுக்கு முதுகின் அடிப்பக்கம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு. கைக்குழந்தைக்கும் சின்னப் பிள்ளைக்கும் முதலில் தலை. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு. மல்லாந்து படுத்தால் உடம்பிலேயே அதிக எடை இறங்கும் இடம் பின்மண்டை. அங்கே தோலுக்கு அடியில் மெத்தை போல் நிற்கக் கொழுப்பும் அதிகமில்லை. அதற்கு அடுத்து காது மடல். பிள்ளை வளர வளர இடம் இடுப்புக்கும் குதிகாலுக்கும் இறங்குகிறது.

குழந்தைகளிடம் இன்னொரு பெரிய பங்கு மெத்தையால் வருவதே இல்லை. நாம் ஒட்டும் குழாயாலும் கட்டும் பட்டையாலும் வருகிறது. இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது, படி 4-ல் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: இந்தப் பிள்ளைக்கு ஆபத்து எவ்வளவு என்று கணக்கெடுங்கள்

பிள்ளை கட்டிலுக்கு வந்த முதல் நாளே இதைச் செய்ய வேண்டும். காகிதம் நிரப்புவது அப்புறம். முதலில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தானாகப் புரள முடிகிறதா? எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. வென்டிலேட்டரில் தூக்க மருந்து ஓடும் பிள்ளை, தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்த பிள்ளை, தொடை எலும்பு முறிந்து, எடை கட்டிக் காலை இழுத்துவைக்கும் டிராக்‌ஷனில் கிடக்கும் பிள்ளை, நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோயில் கைகால் செயலிழந்த பிள்ளை. நம் ஊரில் இன்னொரு பிள்ளையும் உண்டு: தரையில் படுத்துத் தூங்கும்போது கட்டுவிரியன் கடித்து, இமைகூடத் திறக்க முடியாமல் வென்டிலேட்டரில் கிடப்பது. அந்தப் பிள்ளைக்கு நினைவு இருக்கலாம், காது கேட்கலாம், குதிகால் எரிவதும் தெரியலாம். விரலை அசைத்துச் சொல்லத்தான் முடியாது.

வலி தெரிகிறதா, தெரிந்தால் சொல்ல முடிகிறதா? பிறவியிலேயே முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைக்கும், முதுகுத்தண்டில் அடிபட்ட பிள்ளைக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போகலாம். காலுக்குத் தாங்கல் கொடுக்கும் காலிப்பர் காலணி கடித்தாலும், சக்கர நாற்காலியின் விளிம்பு அழுத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. மூளைவாதத்தால் பேச முடியாத பிள்ளைக்கும், பேச்சு வராத ஆட்டிசப் பிள்ளைக்கும் வலி தெரியும், ஆனால் சொல்லும் வழி அழுகை ஒன்றுதான். அந்த அழுகையை நாம் அடம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு டோஸ் தூக்க மருந்துக்குப் போன் செய்கிறோம். மருந்து கேட்கும் முன் மாஸ்கைக் கழற்றிப் பாருங்கள், கட்டைத் தளர்த்திப் பாருங்கள், முதுகுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். ஊசியின் மூடி ஒன்று அங்கே கிடந்து, அதை எடுத்ததும் பிள்ளை தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

தோலுக்கு ரத்தம் போகிறதா? ஷாக்கில் (ரத்த ஓட்டம் சரிந்த நிலையில்) இருக்கும் குழந்தை, ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து ஓடும் குழந்தை, இதய ஆபரேஷன் முடிந்து வந்த குழந்தை, இதயம், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ இயந்திரத்தில் இருக்கும் குழந்தை ஆகியோரின் உடம்பு, இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிக்கொள்கிறது. தோல் கடைசி வரிசைக்குப் போகிறது. கைகால் சில்லென்று, திட்டுத் திட்டாக இருக்கும். இந்த நேரத்தில் அழுத்தம் சேர்ந்தால் சில மணி நேரமே போதும். ஆக்ஸிஜன் குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே கதைதான்.

உடம்பு வீங்கியிருக்கிறதா? டெங்கு ஷாக்கில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து முகமும் கைகாலும் ஊதிப்போன பிள்ளைகளை நம் வார்டுகளில் பார்க்கிறோம். சிறுநீரக நோயிலும் அப்படித்தான். நீர் கோத்த தோல் இறுகி மினுங்கும். அதில் ரத்த ஓட்டம் மந்தம், லேசாக உரசினாலே உரியும். நேற்று சரியாக இருந்த கட்டு இன்று இறுக்கும். இங்கே அம்மாக்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அரைஞாண் கயிறு, தாயத்து, வெள்ளிக் கொலுசு, கறுப்பு வளையல் எல்லாவற்றையும் வீக்கம் தொடங்கும் முன்பே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். சாமி கயிறு என்று தயங்கினால் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வீங்கிய இடுப்பில் அரைஞாண் கயிறு பதிந்து, கோடு கிழித்ததுபோல் தோல் வெட்டுப்பட்டிருப்பதைப் பார்த்தால் மனசு தாங்காது.

குறைமாதமா? மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் மேல்தோலில் காவலாக நிற்கும் கெட்டி அடுக்குகள் பத்துக்கு மேல் இருக்கும். 24 வாரத்தில் பிறந்ததற்கு இரண்டு மூன்றுதான். ஈர வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். பிளாஸ்டரை எடுக்கும்போது தோலும் கூடவே வரும்.

சாப்பாடு போகிறதா? எடை குறைந்த பிள்ளை, வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, ஆபரேஷனுக்காக ஒரு நாளும் ஸ்கேனுக்காக ஒரு நாளும் பட்டினி போட்ட பிள்ளை. எலும்புக்கு மேலே சதை இல்லாவிட்டால் மெத்தைக்கு மேலே இன்னொரு மெத்தை இல்லை. புரதம் போகாத உடம்புக்கு ரிப்பேர் செய்யவும் சரக்கு இருக்காது.

ஈரம், காய்ச்சல், நீண்ட ஆபரேஷன், ஐசியூவில் நாலு நாளைத் தாண்டிய தங்கல் என்று இந்தக் கணக்கு இன்னும் போகும். இவை தனித்தனியாக வருவதில்லை என்பதுதான் முக்கியம். செப்சிஸில் (கிருமித்தொற்று உடம்பு முழுக்கப் பாதித்த நிலையில்) வந்த ஒரு குழந்தையிடம் ஷாக், வீக்கம், தூக்க மருந்து, பட்டினி, ஏழெட்டுக் குழாய் எல்லாம் ஒரே ராத்திரியில் கூடிவிடும். அப்படிப்பட்ட பிள்ளையை முதல் மணி நேரத்திலிருந்தே புண் வரப்போகிற பிள்ளையாக நினைத்து வேலை செய்யுங்கள்.

படி 2: மதிப்பெண் போடுங்கள், ஆனால் எந்தத் தாள் என்று பாருங்கள்

படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பெண்ணால் கணிக்கும் தாள்கள் சில உண்டு. அவற்றில் பெரியவர்களுக்கான பிரேடன் அளவுகோலை பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1980-களில் உருவாக்கினார்கள். அதைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி 1996-ல் சாண்டி குவிக்லியும் மார்த்தா கர்லியும் மாற்றியது பிரேடன் க்யூ. அசைவு, நடமாட்டம், உணர்ச்சி, ஈரம், உரசலும் சறுக்கலும், உணவு, திசுக்களுக்குப் போகும் ரத்தமும் ஆக்ஸிஜனும் என்று ஏழு தலைப்பு. மொத்தம் 7-லிருந்து 28 வரை வரும். 16 அல்லது அதற்குக் கீழே போனால் ஆபத்து.

அதில் குழாய்களுக்கு இடமில்லை என்ற குறை இருந்தது. 2018-ல் வெளியான பிரேடன் க்யூடி அதைச் சரிசெய்தது. பிள்ளையின் உடம்பில் எத்தனை கருவிகள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வீதம் 8 வரை போட வேண்டும். பிள்ளையையும் கருவியையும் இடம் மாற்ற முடிகிறதா என்பதற்கும் தனி மதிப்பெண். மொத்தம் 20, 13 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து.

இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. பழைய தாளில் எண் குறைந்தால் ஆபத்து, புதிய தாளில் எண் கூடினால் ஆபத்து. ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டும் புழங்கினால், வார்டு மாறி வந்த நர்ஸ் “10 தானே” என்று தலைகீழாகப் படித்துவிடக்கூடும். மதிப்பெண்ணோடு தாளின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள், சேர்த்தே சொல்லுங்கள். வேல்ஸில் உருவான கிளமோர்கன் அளவுகோலும் குழந்தைகளுக்கானதுதான். அதில் 10-லிருந்து ஆபத்து தொடங்குகிறது.

பிள்ளை வந்ததும் ஒரு தடவை, பிறகு தினமும், நிலைமை மாறினால் உடனே போட வேண்டும். காலையில் போட்ட மதிப்பெண் மத்தியானம் ஷாக் வந்த பிள்ளைக்குப் பொருந்தாது.

படி 3: தலையிலிருந்து கால் வரை, கையால் பாருங்கள்

கண்ணால் மட்டும் பார்த்து நம்பக் கூடாது என்று ஏன் சொல்கிறேன் என்றால், பாடப்புத்தகங்களில் படமெல்லாம் வெள்ளைத் தோலில் இருக்கிறது. ‘சிவப்பாகும், அழுத்தினால் வெளுக்காது’ என்று எழுதியிருக்கும். நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்தோ, கருநீலமாகவோ, மினுங்கலாகவோ தெரியும். அதனால் தொட்டுப் பார்க்க வேண்டும். புறங்கையை வைத்துப் பாருங்கள், பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா? விரலால் மெல்ல அமுக்குங்கள், கல் போல் இறுகியோ, பழுத்த பழம் போல் கொழகொழவென்றோ இருக்கிறதா? தொட்டதும் பிள்ளை முகம் சுளிக்கிறதா? இடது குதிகாலைத் தொட்டால் வலது குதிகாலையும் தொட்டு ஒப்பிடுங்கள். இயன்றால் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப்லைட் நிறத்தை ஏமாற்றும்.

சிவந்த இடம் தெரிகிற தோலாக இருந்தால் விரலால் ஒரு கணம் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி நிறம் வந்தால் ரத்தம் இன்னும் ஓடுகிறது, எடையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். வெளுக்கவே இல்லையென்றால் அது முதல் நிலைக் காயம்.

பார்க்கும் வரிசை: பின்மண்டை (முடியை விலக்கி), இரண்டு காதுக்கும் பின்புறம், மூக்குத் துளை, உதட்டோரம், தாடை, கழுத்து மடிப்பு, தோள்பட்டை எலும்பு, முழங்கை, முதுகுத்தண்டின் அடி, இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால், கணுக்கால், குதிகால், விரல்கள். குப்புறப் படுக்கவைத்த பிள்ளைக்கு நெற்றி, கன்னம், மார்பு, முழங்கால். ஐந்து நிமிடம் ஆகும். குளிப்பாட்டும்போதும் புரட்டும்போதும் இதைச் செய்துவிட்டால் தனி நேரம்கூட வேண்டாம்.

அம்மாவுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது. பிள்ளையின் உடம்பில் எந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். “இது முன்னாடி இல்ல சிஸ்டர்” என்று அம்மா சொன்னால் நான் விவாதிப்பதில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

படி 4: ஒவ்வொரு குழாய்க்கும் அடியில் பாருங்கள்

ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு தடவை. வீங்கிய பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி.

குறைமாதக் குழந்தைக்கு, மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சிபாப் போடும்போது இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவே இருக்கும் தண்டில்தான் எல்லா ஆபத்தும். அரிசி அளவுகூட இல்லாத சதை அது. மூக்கில் நுழையும் முனைகள் அந்தத் தண்டை முட்டாமல் சுமார் 2 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். காற்று கசிகிறது என்று குழாயை உள்ளே தள்ளி அழுத்துவதுதான் நாம் செய்யும் தவறு. அளவு சரியில்லை என்றால் முனையை மாற்ற வேண்டும், குழாயைப் பிடித்துவைக்கும் தொப்பி சரியில்லை என்றால் தொப்பியை மாற்ற வேண்டும். தண்டு வெளுத்தாலோ சிவந்தாலோ அப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். மாஸ்கும் முனையும் மாற்றி மாற்றிப் போட்டால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாது. தண்டு கரைந்துபோனால் மூக்கின் வடிவம் வாழ்நாள் முழுக்க மாறிவிடும்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் புரோப்பை 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வேறு விரலுக்கு மாற்றுங்கள். ரத்த ஓட்டம் குறைந்த பிள்ளைக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. ‘ரீடிங் நன்றாக வருகிறது, கழற்றாதே’ என்று விட்ட விரலில்தான் கொப்புளம் எழும்.

ரத்தக்குழாயில் மருந்து ஏற்றப் போடும் வென்ஃப்ளானின் கெட்டி பிளாஸ்டிக் முனைக்கு அடியில் ஒரு துண்டு காஸ் வையுங்கள். கையை அட்டையில் வைத்துக் கட்டும்போது விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். மூச்சு ட்யூபை உதட்டின் ஒரே ஓரத்தில் நாள்கணக்கில் விடக் கூடாது. இடம் மாற்றும்போது இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ட்யூபை விடாமல் பிடிக்க. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபை, மூக்கின் விளிம்பை மேலே இழுத்தபடி ஒட்டாதீர்கள். மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுப் போட்ட டிரக்கியாஸ்டமி ட்யூபின் நாடாவுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். கழுத்துக் காலர் தாடையிலும் பின்மண்டையிலும் கடிக்கும். கழுத்து எலும்பு சரியாக இருக்கிறது என்று உறுதியானதும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாவுக்கட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அதனால் மற்ற புலன்களை நம்ப வேண்டும். உள்ளேயிருந்து வாடை, வெளியே கறை, ஒரே இடத்தில் எரிகிறது என்று பிள்ளை சொல்வது, காரணமில்லாத காய்ச்சல். இதில் எது வந்தாலும் காட்டுங்கள். அரிக்கிறது என்று ஈர்க்குச்சியை விட்டுச் சொறியக் கூடாது. விளிம்பில் சிறுநீர் படாமல் பாலித்தீன் சுற்றிவிடலாம்.

இந்தக் கருவிகளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் அல்லது தோலோடு ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு டிரெஸ்ஸிங் வைப்பது உதவும். ஆனால் அதைப் பிரித்துத் தோலைப் பார்க்க மறந்தால், புண்ணை நாமே மூடி வைத்ததாகிவிடும்.

படி 5: திருப்பிப் போடுங்கள்

2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. சிலருக்கு அது போதாது, சிலருக்கு ராத்திரித் தூக்கத்துக்காகக் கொஞ்சம் தள்ளலாம்; தோல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. முழுசாக ஒருக்களிக்காமல் 30 டிகிரி சாய்த்து, முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துணி வைத்தால் இடுப்பு எலும்பு நேரடியாக அழுந்தாது. குதிகாலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். கெண்டைக்காலின் கீழே நீளமாக வைத்து, குதிகால் காற்றில் நிற்கும்படி விடுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் முன் முழங்கால் பக்கத்தை உயர்த்துங்கள், சறுக்காது. மேலே ஏற்றும்போது கக்கத்தில் கைகொடுத்து இழுக்காமல், விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்குங்கள்.

‘பிபி இறங்கிவிடும், தொடவே வேண்டாம்’ என்ற பிள்ளைகள் உண்டு. அப்படியென்றாலும் தலையை மட்டும் இரண்டு விரல் அளவு திருப்பலாம், ஒரு காலை மட்டும் நகர்த்தலாம், தோளுக்கு அடியில் மெல்லிய துணியைச் செருகி எடுக்கலாம். இந்தச் சின்ன நகர்த்தல்களும் கணக்கில் சேரும்.

ஏர் பெட் போட்டாயிற்று என்று நிம்மதி அடைய வேண்டாம். பெரியவர்களுக்கான ஏர் பெட்டின் குழல்கள் அகலமானவை. 8 கிலோ குழந்தை இரண்டு குழலுக்கு நடுவே பள்ளத்தில் இறங்கிவிடும், அழுத்தம் மாறவே மாறாது. தயாரிப்பாளர் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் டிரா ஷீட், அதன் மேல் வீட்டுப் போர்வை என்று அடுக்கினால் நல்ல மெத்தையும் வீணாகும். முதுகைச் சுற்றித் துணியால் முட்டுக்கொடுப்பதெல்லாம் மானிட்டர் ஓடும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மட்டும்தான். வீட்டில் தூங்கும் கைக்குழந்தையைச் சுற்றித் துணி அடுக்கினால் மூச்சு முட்டும்.

படி 6: ஈரமும் உணவும்

ஈரத்தில் ஊறிய தோல் சுலபமாகக் கிழியும். டயப்பரை நனைந்ததும் மாற்றி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்ஸைடு கிரீமை ஒரு படலமாகப் பூசுங்கள். மறுமுறை மலத்தை மட்டும் துடைத்தால் போதும், கிரீமைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. டயப்பர் புண்ணுக்கும் படுக்கைப் புண்ணுக்கும் வித்தியாசம் பார்க்க: முன்னது மடிப்பும் மேடுமாகப் பரவியிருக்கும், பின்னது எலும்பு இருக்கும் இடத்தில் வட்டமாக, எல்லை தெரியும்படி இருக்கும். இரண்டும் சேர்ந்தும் வரும்.

உணவுக்கு டாக்டரையும் டயட்டீஷியனையும் நச்சரியுங்கள். “இன்னைக்குச் சாப்பாடு எப்போ ஆரம்பிக்கலாம் டாக்டர்?” என்று ரவுண்ட்ஸில் தினமும் கேளுங்கள்.

படி 7: வழக்கமாகச் செய்வதில் விட வேண்டியவை

தலைக்குக் கீழே துண்டைச் சும்மாடு போல வளையமாகச் சுருட்டி வைப்பது எல்லா வார்டிலும் உண்டு. அன்போடுதான் செய்கிறோம். ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கும் தோலுக்கு வரும் ரத்தத்தையே மறிக்கிறது. குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதும் வேண்டாம்; சின்ன இடத்தில் எல்லா எடையும் இறங்கும், உடைந்தால் ஈரம் வேறு.

சிவந்த இடத்தை எண்ணெய் வைத்துத் தேய்த்துவிடுவதும் வேண்டாம். உள்ளே ஏற்கெனவே நைந்த திசுவை அது இன்னும் நைக்கும். எண்ணெயைத் தேய்க்காமல் தடவுவது வேறு, அதுவும் நல்ல தோலில் மட்டும், சிஸ்டரைக் கேட்டுவிட்டு. ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடும் பழைய முதுகுப் பராமரிப்பு இன்னும் சில இடங்களில் தொடர்கிறது. ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும், பவுடர் வியர்வையோடு சேர்ந்து மணலாக உரசும்.

படி 8: தெரிந்துவிட்டது, இப்போது என்ன

அழுத்தத்தை எடுப்பதுதான் முதல் மருந்து. அந்த இடத்தின் மேல் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். கருவியென்றால் இடம் மாற்றுங்கள். அளவை சென்டிமீட்டரில் எழுதி, டாக்டரிடம் சொல்லி, அடுத்த ஷிஃப்டுக்கு நேரில் காட்டிக் கொடுங்கள்.

தோல் முழுசாக இருந்து வெளுக்காமல் இருந்தால் முதல் நிலை. மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருந்தால் இரண்டாம் நிலை. அந்தக் கொப்புளத்தை உடைக்காதீர்கள். கொழுப்பு தெரிந்தால் மூன்று, தசையோ எலும்போ தெரிந்தால் நான்கு. கறுப்புப் பொருக்கோ மஞ்சள் சவ்வோ மூடியிருந்தால் ஆழம் தெரியாத நிலை. ஊதாவாகக் கன்றியிருப்பது உள்திசுக் காயம், அதை லேசாக எண்ணக் கூடாது. வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் வரும் காயங்களுக்கு இந்த நிலைக் கணக்கு பொருந்தாது. குதிகாலில் காய்ந்து இறுகி நிற்கும் பொருக்கை வீட்டில் யாரும் பிய்க்க வேண்டாம். வாடை, சீழ், சுற்றிலும் சூடு, காய்ச்சல் என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

சில அம்மாக்கள் புண்ணைப் பார்த்ததும், தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று அழுவார்கள். சில நர்ஸ்கள் திட்டு விழும் என்று எழுதாமல் விடுவார்கள். இரண்டாவதுதான் பிள்ளைக்குக் கெடுதல். எழுதாத புண்ணுக்கு அடுத்த ஷிஃப்டில் யாரும் மருந்து போட மாட்டார்கள்.

படி 9: ஐசியூவை விட்டு வெளியே வரும் நாள்

மானிட்டர் சத்தம் நின்று, பிள்ளை கண் திறந்து, எல்லோரும் மூச்சுவிடும் நாள் அது. அன்றுதான் கண்ணும் அசந்துபோகும். ஐசியூ சிஸ்டரும் வார்டு சிஸ்டரும் சேர்ந்து நின்று, ஒட்டியிருக்கும் பிளாஸ்டர்களைப் பிரித்து, படி 3-ல் சொன்ன வரிசையில் ஒருமுறை பார்த்துக் கைமாற்ற வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வழக்கம் இல்லையென்றால், அம்மா, நீங்களே கேளுங்கள்: “பாப்பாவ ஒருக்கா திருப்பிக் காட்டுங்க சிஸ்டர், நானும் பாத்துக்கிறேன்.” அன்று தலை வாரச் சீப்பை எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் சிஸ்டரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.